வெள்ளைக்காரன் படத்துல நம்ம அம்மன்

வடிவுடையம்மன் துணை

கண்ணு, அத்தை எழுதறேன். அம்மா புண்ணியத்துல மாமாவுக்கும் எனக்கும் ஒரு கொறயும் இல்ல. மாமாவுக்கு தீப்பெட்டி கம்பெனி மருந்து வாசனையில மூக்கு அடைச்சிக்கும், அது எப்பவும் கீறதுதான், அதெல்லாம் நோவுன்னு சொல்ல முடியாது. நீ கல்கத்தாவுலேர்ந்து போட்ட காயிதமும், மூங்கி குழாயில சுருட்டி அனுப்புன படமும் வந்து சேந்துது. தபால்காரரு குழாய ஆட்டிப் பாத்து, "இன்னாம்மா, புள்ள ரசகுல்லா அனுப்பிகீறானா, சத்தமே வர்லியே"ன்னு கேட்டாரு. "சத்தம் வராதுய்யா, உள்ள எங்க ஊரு கீது"ன்னு சொன்னேன். அந்த ஆளு என்னை ஒரு மாதிரி பாத்துட்டு சைக்கிள எடுத்துகினு பூட்டாரு. நீ ரெண்டு பக்கம் எழுதியிருந்தே, நான் எத்தினி பக்கம் எழுதுவேன்னு எனக்கே தெரியாது. நான் பேசுனாலும் அப்டிதான், எழுதுனாலும் அப்டிதான்னு ஒனக்குத் தெரியும். அத்திப்பட்டு பள்ளிக்கூடத்துல நாலாவது வரைக்கும் படிச்சவ கையெழுத்து, எழுத்துக் கூட்டி நிதானமா படி.

நீ எழுதுன சேதிய மொதல்ல சொல்லிப்புடறேன், நான் சரியா புரிஞ்சிகினேனான்னு நீயே பாரு. கப்பலு நிக்கிற கிதர்பூர் டாக்குல வேல செய்யறவரு ஒருத்தரு, நம்ம பக்கத்து மனுஷரு, அவரு பொண்ண ஒனக்குக் குடுக்கறேன்னு கேட்டுகீறாரு. ஒனக்கும் புடிச்சிகீது. புடிச்சிகீதுன்னு நீ எழுதல, ஆனா அந்தப் பொண்ணு போடற டீயப் பத்தி நாலு வரி எழுதிகீறே, அத்தைக்கு அது போதும். அவுங்கம்மா ஒன்ன கேட்டாங்களாம், "தம்பி, ஒங்களுக்கு எந்த ஊரு, ஒங்க வூட்டு சாமி எது?"ன்னு. நீ ராயபுரம்னு சொன்னியாம். "ராயபுரத்துல எந்தக் குப்பம், எந்த அம்மன்?"னு கேட்டப்ப ஒனக்கு வாய் வர்லியாம். அந்த வெக்கத்துலதான், நீ வேல செய்யற படம் வரையிற ஆபீசுல மெட்ராஸ் கரைய அந்தக் காலத்துல வெள்ளைக்காரன் அளந்து போட்ட படம் எதுனா கீதான்னு பொட்டி பொட்டியா தேடி, ஒண்ண கண்டுபுடிச்சி, மேல மெழுகுத்துணி போட்டு கோடு மாறாம எழுத்து மாறாம வரைஞ்சி அனுப்பிகீறே. "அத்தே, இதுல நம்ம ஊரு எதுன்னு கண்டுபுடி. எடம் தெரிஞ்சா நீயே ஒரு பொங்கல வச்சிட்டு, குங்குமத்த கவர்ல போட்டு அனுப்பு. எனக்கு லீவு கெடைக்காது, கல்யாணத்த இங்கயே முடிச்சிக்கலாம்"னு எழுதிகீறே. அந்தக் கடைசி வரிய நான் படிக்கவே இல்லன்னு வச்சிக்கோ. படிச்சேன். படிச்சிட்டு மடிச்சி வச்சிட்டேன். மறுபடியும் எடுத்து படிச்சேன்.

அவுங்கம்மா கேட்டது நாயந்தான், கோச்சிக்காதே. பொண்ணு குடுக்கறவங்க வேற இன்னாத்த கேப்பாங்க? நம்ம சனத்துல ஒருத்தன் தாலி கட்டறதுக்கு முன்னாடி, அவன் வூட்டு அம்மனுக்கு அவன் கையால பொங்கல் போவணும். அப்பால தான் பொண்ணு வூட்டுப் படியேறணும். நானும் ஒன் வம்சத்துல பொறந்தவதான். ஆனா ஒங்க மாமன கட்டிகினதுலர்ந்து அவரு வூட்டு சாமிதான் எனக்கு சாமி. எங்கப்பன் வூட்டு அம்மனுக்கு இன்னிக்கு மிச்சம் கீற ஆம்பள நீ ஒருத்தன்தான். ஒங்கப்பன், என் தம்பி, ஹார்பர்ல மூட்ட எறக்கிகினு இருந்தவன், காய்ச்சல்ல பூட்டான். ஒங்கம்மா அவன் பின்னாடியே பூட்டா. ஒன்ன இடுப்புல தூக்கிகினு இந்தத் திருவொத்தியூரு வூட்டுக்கு வந்த அன்னிலேர்ந்து நான்தான் ஒனக்கு எல்லாம். ஆனா பாரு, ஒனக்கு சோறு போட்டேன், எண்ண தேச்சேன், பள்ளிக்கூடத்துல வுட்டேன், ஊரு எதுன்னு மட்டும் சொல்லல. நீ சின்னதுல கேப்பே, "அத்தே, நம்ம ஊரு எது?"ன்னு. நான் கைய தெக்க காட்டி, "தோ ராயபுரம்"னுட்டு மீனு அலச பூடுவேன். சொன்னா ஒன் முன்னாடி அழுதுடுவேன், அவ்ளோதான் காரணம்.

இப்ப சொல்றேன் கேளு. ராயபுரத்துக்கு வடக்க, கரை மேல ஒத்தவேப்பங்குப்பம்னு ஒரு குப்பம். ஒரே ஒரு வேப்பமரம், அதுக்குக் கீழ செங்கல்லுல ரவ எடத்துல ஒரு அம்மன், கடலப் பாத்த மூஞ்சி. கட்டுமரம் ஏறி கடலுக்குப் போனவன் கருக்கல்ல திரும்பி வரப்ப அவ வெளக்க பாத்துதான் கரைய புடிப்பான். ஹார்பருக்குக் கல்லு போட்டதுக்கு அப்பால கடலுக்கு இன்னா கோவமோ, வடக்க கீற கரைய துன்ன ஆரம்பிச்சிது. எங்களுக்கு அப்ப அது பெருசாவே தெரியாது. அல ஒட்டிகினு வரும், எங்கப்பா கூரைய பிரிச்சி பின்னால கொண்டு போயி மறுபடியும் கட்டுவாரு. அடுத்த வருஷம் மறுபடியும். ஒலகத்துல எல்லா வூடும் இப்டிதான் வருஷா வருஷம் நவுரும்னு நெனச்சிகினு இருந்தேன், சத்தியமா. மொத மொத அத்திப்பட்டுல எங்கம்மா பொறந்த வூட்டுக்குப் போனப்ப, "இந்த வூட்ட எப்ப நவுத்துவீங்க?"ன்னு கேட்டுட்டேன். எங்க மாமிங்க எல்லாம் அத சொல்லிச் சொல்லி சிரிச்சாங்க. அப்பால ஒரு நாளு பின்னால நவுர எடமில்லாம போச்சி, ரோடு வந்து தடுத்துகிச்சி. அந்த சமயத்துல நான் அத்திப்பட்டுல படிச்சிகினு இருந்தேன். லீவுக்கு வந்தா, எங்கப்பா என்னை நேரா திருவொத்தியூருக்குக் கூட்டியாந்துட்டாரு. "நம்ம வூடு?"ன்னேன். "இதான்"னாரு. "அம்மன்?"னேன். அவரு வலைய ஒதறிகினு பூட்டாரு. கேட்டா அவருக்கு ஆவாதுன்னு நானும் கேக்கறத வுட்டுட்டேன். ஊரு போனத நான் என் கண்ணால பாக்கல, கண்ணு. பாக்காததால எனக்கு அது போவவே இல்ல. எங்கியோ ஒரு சந்துல திரும்புனா அந்த மரம் நிக்கும்னு இந்த வயசு வரைக்கும் மனசு ஒரு ஓரத்துல சொல்லிகினே இருந்துச்சி.

அந்த மனசோடதான் ஒன் படத்த பிரிச்சேன். மாமா தரையில விரிச்சி நாலு மூலைக்கும் நாலு கல்லு வச்சாரு. "இன்னாமே இது, நண்டு ஓடுன மணலு மாதிரி கீது"ன்னாரு. கடலு எதுன்னு தெரிஞ்சிபோச்சி, நீதான் அல அலையா கோடு போட்டு வச்சிகீறியே. ஆனா கடல வலது கைப் பக்கம் போட்டுகீறே. நம்ம ஆளுங்க எந்தக் காலத்துல கடல கைப்பக்கம் வச்சி நின்னுகீறாங்க? கடலு எப்பவும் மூஞ்சிக்கு நேராத்தான். மாமா படத்த திருப்பி கடல மேல வச்சாரு. கடலு சரியா வந்துச்சி, எழுத்தெல்லாம் படுத்துகிச்சி. ரெண்டு பேரும் கழுத்த சாய்ச்சி சாய்ச்சி பாத்து, மாமாவுக்கு சுளுக்கிகிச்சி. "ஒன் மருமவன் என் கழுத்துக்கு ஒல வச்சிகீறான்"னு அன்னிக்கு பூரா பொலம்பிகினு இருந்தாரு. இதுல ஒனக்கு ஒண்ணு சொல்றேன், நாளைக்கு ஒம் புள்ளைக்கு நீ சொல்லு. படத்த படிக்கறப்ப படிக்கறதுக்கு ஒரு தரம் புடி, எடத்த பாக்கறதுக்கு ஒரு தரம் திருப்பிப் புடி. ரெண்டையும் ஒண்ணா செய்யறேன்னு போனா கழுத்துதான் போவும்.

இங்கிலீசு எங்க ரெண்டு பேருக்கும் ஆவாது. அதனால ராயபுரத்துல ஒனக்கு ஏ பி சி டி சொல்லிக் குடுத்த ரோசம்மா டீச்சரு வூட்டுக்குப் போனோம். டிராம் வண்டிய நிறுத்துனதுலர்ந்து அங்க போறதே ஒரு பேஜாரு, பஸ்ஸுல நெருக்கி ஏறி எறங்கி போனோம். டீச்சரு மூக்குக் கண்ணாடிய தொடச்சிகினு ஒவ்வொண்ணா படிச்சாங்க. ராயபுரம் ஸ்டேஷனு கீது, மாதா கோயிலு கீது. யாரோ தொரை பங்களா கீது, அவரு தோட்டம் கீது, தோட்டத்துல கீற கெணறு கூட பேரோட கீது. அப்பால கரையோரமா வெரல கொண்டு போயி, "வோட்டி... வாப்பா... கோபம்"னாங்க. மாமா ஒடனே, "அதான், அதான் இவ ஊரு! பேர்லயே கோவம் கீது பாருங்க டீச்சர்"னு கைய தட்டிட்டாரு. எனக்கு சுர்ருனு வந்துச்சி. அப்பால, டீச்சரு இன்னொரு தரம் வேகமா படிச்சாங்க, எனக்கு உள்ளுக்குள்ள டக்குனு ஒண்ணு தட்டுச்சி. "டீச்சர், ஒத்தவேப்ப... ஒத்தவேப்பங்குப்பம்! குப்பத்த தான் படம் போட்ட வெள்ளைக்காரன் கோபம்னு எழுதி வச்சிகீறான்!" எந்த ஊர்க்காரன் வாயிலேர்ந்து அது எந்தக் காதுல வுழுந்துச்சோ, அது எந்தக் கையில எழுதுச்சோ, அத்தினியும் தாண்டி எங்க ஊரு பேரு நொண்டிகினு வந்து சேந்துகீது. நீ மேல மேல தேடப் போறேன்னா, எழுத்த நம்பாதே கண்ணு. வாய்வுட்டுப் படி. நம்ம ஊரு காகிதத்துல இருக்காது, அந்த சத்தத்துல தான் இருக்கும்.

பேருக்குப் பக்கத்துல இன்னொரு எழுத்து. டீச்சரு படிச்சாங்க, "பகோடா."

"இன்னாது?"ன்னேன்.

"பகோடா. இங்க ஒண்ணு போட்டிருக்கு. தோ, ரயில் ரோட்டுக்கு மேக்கால இன்னொண்ணு."

மாமாவுக்கு தாங்கல. "அட்ரா சக்கை, வெள்ளைக்காரன் நாஸ்தா துன்ன எடத்தையெல்லாம் குறிச்சி வச்சிகீறான்யா! ஏம்மே, ஒங்க ஊர்ல பக்கோடா கட இருந்துச்சா?"

"வாய மூடிகினு சும்மா குந்துய்யா. குப்பத்துல கருவாட்ட வுட்டா வேற இன்னா கட இருந்துச்சு."

டீச்சரு சிரிச்சி சிரிச்சி கண்ணுல தண்ணி வந்துடுச்சி. அப்பால சொன்னாங்க, "அம்மா, அது துன்ற பக்கோடா இல்ல. அந்தக் காலத்து தொரைமாருங்க நம்ம ஊரு கோயில பகோடான்னுதான் எழுதுவாங்க."

சிரிச்சிகினு இருந்தவ அப்டியே நின்னுட்டேன் கண்ணு. எங்க அம்மன். அந்த எழுத்துக்குக் கீழ அவ ஒக்காந்துகினு கீறா. நான் செருப்ப கழட்டி எட்ட வச்சிட்டு, டீச்சரு வூட்டு மேச மேல கீற மெழுகுத்துணிக்கு கன்னத்துல போட்டுகினேன். அவுங்க மாதா படத்துக்கு முன்னாடி எங்கம்மனுக்கு கன்னத்துல போட்டுகினேன், அவுங்க ஒண்ணும் நெனச்சிக்கல, நல்ல மனுஷி.

அப்பால நம்ம குப்பத்த பாத்தேன். தொரை வூட்டுக்கு சதுரம் போட்டு, வாசப்படி போட்டு, தோட்டத்து மரம் மரமா போட்டுகீறான். நம்ம வூடுங்களுக்கு மணல்ல எள்ளு கொட்டுனா மாதிரி புள்ளி. அதுல எது எங்க வூடு? நான் படத்த கண்ணுக்கிட்ட வச்சி பாத்தேன். எங்கப்பா கூரைய பிரிச்சி நவுத்துனாரே, அந்த ஆளு படம் போட வந்த அன்னிக்கு அது எங்க இருந்துச்சோ. என் ஆயுசுக்கு முந்தின படம்னு டீச்சரு சொல்றாங்க, அப்ப எங்கப்பாவே தவழ்ந்துகினு இருந்திருப்பாரு. ஆனாலும் நான் ஒரு புள்ளிய எடுத்துகினேன். பகோடாவுக்குக் கிட்ட, கடலுக்கு ரவ எட்ட. அதான் நம்ம வூடுன்னு வச்சிகினேன். நீ தப்புன்னு சொல்லாதே. வரைஞ்சவன் நீ, ஒரு புள்ளிய கூட வுடாம போட்டுகீறே, எனக்கு அதுல ஒண்ணு வேணும்.

இப்ப சிரிக்கற கத. படத்துல பகோடா ரெண்டு கீதுன்னு சொன்னேன் இல்ல? ஒண்ணு கரை மேல, நம்ம பேருக்குப் பக்கத்துல. இன்னொண்ணு ரயில் ரோட்டுக்கு மேக்கால. கரைமேல கீறதுதான் நம்மளுதுன்னு எழுத்தே சொல்லுது. ஆனா அது கரைன்னா இப்ப கடலு. அத பாக்கவே எனக்கு மனசு வர்ல. "தோ பாரு, எதுனா தப்பா எழுதியிருப்பான், மேக்கால கீறதுதான் நம்ம அம்மனா இருக்கும், மேட்டுல கீறா, அதான் தப்பிச்சிகினா"ன்னு எனக்கு நானே சொல்லிகினு, மறுநாளே தேங்கா, கற்பூரம், வெத்தல பாக்கு எடுத்துகினு மாமாவ இழுத்துகினு போனேன். போனா, நெசமாவே ஒரு கோயிலு, பழசு, அதே எடத்துல. உள்ள தெர போட்டுகினு இருந்துச்சி. தெரைக்கு முன்னாடி வுழுந்து அழுதேன். "தாயே, எங்கப்பன் வூட்டு புள்ளைக்கு கல்யாணம். அவன் வந்து ஒனக்கு பொங்க வைப்பான், கொண்ட சேவலா பாத்து அறுப்பான், நீ மனசு எறங்கும்மா"ன்னு வாய்வுட்டே வேண்டிகினேன். தெரைக்கு உள்ளேர்ந்து அய்யரு தலைய மட்டும் நீட்டுனாரு. "யாரும்மா அது? இது பெருமாளு கோயிலு. சேவல் கீவல்னு இங்க பேசாதே"ன்னாரு. மாமா தூணுக்குப் பின்னாடி போயி நின்னுகினு குலுங்குறாரு. பெருமாளே மன்னிச்சிக்கோன்னு தோப்புக்கரணம் போட்டுட்டு ஓடியாந்தோம். நாமம் போட்டுகீற சாமியும், சேவல் துன்ற சாமியும் அந்த வெள்ளைக்காரனுக்கு ஒரே பகோடாதான். வெளில வந்து மாமா, "ஏம்மே, பெருமாளு இன்னிக்கு பட்டினி கெடக்கறாரு, சேவல் வரும்னு"ங்கறாரு. இன்னிக்கு வரைக்கும் சேவல பாத்தா "தோ ஒங்க பெருமாளு"ன்றாரு.

அப்பால தான் காசிமேட்டுல மீனு விக்கிற கோவிந்தம்மாவ போயி பாத்தேன். அவளும் ஒத்தவேப்பங்குப்பத்துலேர்ந்து போனவதான், எனக்கு ரவ மூத்தவ, சின்னதுல ரெண்டு பேரும் சிப்பி பொறுக்குனோம். வாயி மட்டும் அப்டியே கீது. என்னை பாத்ததும் கூடைய கீழ வச்சா.

"யாருடி இது, தீப்பெட்டிக்காரன் பொண்டாட்டி! இத்தினி வருஷம் எங்க பூந்துகினு இருந்தே? இன்னாடி அது கையில, கொடையா?"

"நம்ம ஊரு படம்டி. புள்ள கல்கத்தாவுலேர்ந்து வரைஞ்சி அனுப்பிகீறான்."

அவ பக்கத்துக் கடைக்காரிங்களுக்கெல்லாம் கேக்கற மாதிரி, "பாருங்கடி, ஊர சுருட்டி கக்கத்துல வச்சிகினு ஊர தேடறா!"ன்னா. எல்லாம் சிரிச்சாளுங்க. எனக்கும் சிரிப்பு வந்துச்சி. ஆனா படத்த விரிச்சி, இது ஸ்டேஷனு, இது மாதா கோயிலு, இது நம்ம அம்மன்னு வெரல வச்சப்ப, அவ சிரிக்கல. செதிலு ஒட்டுன கைய பொடவையில நல்லா தொடச்சிட்டுதான் தொட்டா.

"அவ போனத நீ பாத்தியாடி?"ன்னு கேட்டேன்.

"பாத்தேன். நாங்கதான் வூட்ட பின்னால பின்னால நவுத்திகினு இருந்தோம், அவ மட்டும் நவுரல. எங்கப்பா, ஒங்கப்பா, எல்லாரும் கடப்பாறைய போட்டு நெம்புனாங்க. கல்லு அசையல. ஒங்கப்பாதான் சொன்னாரு, 'வுட்ருங்க, அவளுக்கு வர இஷ்டம் இல்ல, இங்கியே இருக்கட்டும்'னு. மரம் அவளுக்கு முன்னாடியே சாஞ்சி பூட்டுது. அப்பால அல மேல போச்சி, அவ உள்ள பூட்டா. ஒங்கப்பா கரையில ஒக்காந்துகினு ரொம்ப நேரம் ஏந்திருக்கல."

எனக்கு இதெல்லாம் தெரியாது கண்ணு. எங்கப்பா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. அவ மறுபடியும் கூடைய தூக்கிகினு, "அந்த எடத்த தாண்டுறப்ப நம்ம ஆளுங்க துடுப்ப தூக்கி நெத்தியில வச்சிட்டுதான் போவாங்க. இப்ப கீற பசங்களும் தூக்குறானுங்க. ஏன்டான்னு கேட்டா முழிப்பானுங்க. அப்பன் தூக்குனான், நாங்களும் தூக்குறோம்ன்றானுங்க. போடி, எனக்கு மீனு காயுது"ன்னுட்டு பூட்டா.

அன்னிக்கு வூட்டுக்குப் போவல. கூட வந்திருந்த மாமாவ இழுத்துகினு ராயபுரம் ஸ்டேஷனுக்கு வந்துட்டேன். பூ கட்ற நார எடுத்து படத்துல ஸ்டேஷனுக்கும் மாதா கோயிலுக்கும் நடுவுல வச்சி கிள்ளுனேன். அதே நார மாதா கோயில்லேர்ந்து நம்ம அம்மனுக்கு வச்சேன். அதே நீளம், அப்டியே பொருந்திகிச்சி. ஸ்டேஷனும் கோயிலும் இன்னிக்கும் நிக்குது, அதனால அந்த தூரத்த நடந்தா நம்ம தூரமும் தெரிஞ்சிடும். எத்தினி அடின்னு மாமா எண்ண ஆரம்பிச்சாரு, ஒரு லாரிக்காரன் ஆரன் அடிச்சதுல வுட்டுட்டாரு. எனக்கு எண்ணுனா ஆவாது, எனக்குத் தெரிஞ்சது போற்றிதான். வடிவுடையம்மன் போற்றிய ஒரே சீரா சொல்லிகினு ஸ்டேஷன்லேர்ந்து நடந்தேன். மாதா கோயிலு வாசல்ல வரப்ப போற்றி ஒரு சுத்து முடிஞ்சிது. சரின்னு அங்க ஒரு கும்புடு போட்டுட்டு, படத்த கடலுக்கு நேரா திருப்பி புடிச்சிகினு, அவ கீற பக்கமா மறுபடியும் மொதல்லேர்ந்து போற்றி சொல்லிகினு நடந்தேன். சந்து, வலை காயப் போட்ட வூடுங்க, கட்டுமரம், எல்லாம் தாண்டுனேன். மாமா பின்னாடி வந்துகினே, "மெதுவா போமே, மெதுவா"ன்றாரு. போற்றி பாதியில கீது, தரை முடிஞ்சிபோச்சி.

அலைக்குக் கல்லு கொட்டி வச்சிகீறாங்க, அதுக்கு அந்தாண்ட தண்ணி. மிச்சப் போற்றிய நான் கல்லு மேல நின்னுகினே சொன்னேன். நடக்கற மாதிரியே சீரா, ஒண்ணு கூட முழுங்காம. சொல்லி முடிக்கறப்ப எந்த எடத்துல என் காலு இருந்திருக்குமோ, அந்த எடத்த பாத்துகினே முடிச்சேன். அங்க ஒண்ணும் இல்ல, தண்ணிதான், மத்த தண்ணி மாதிரியே. நாங்க ரெண்டு பேரும் அப்டியே நின்னுகினு இருந்தோம். ரொம்ப நேரத்துக்கு அப்பால தெக்கேர்ந்து ஒரு கட்டுமரம் வந்துச்சி. ரெண்டு பசங்க, ஒன் வயசு இருக்கும், எதுக்கோ சிரிச்சி பேசிகினே வரானுங்க. நான் பாத்துகினு கீற எடத்துக்கு நேரா வந்தப்ப, பேச்ச நிறுத்தாமலே, முன்னாடி கீறவன் துடுப்ப தண்ணியிலேர்ந்து எடுத்து நெத்தியில வச்சிட்டு, மறுபடியும் போட்டான். மாமா என் கைய கெட்டியா புடிச்சிகினாரு.

அழுதேன். ஆனா எதுக்கு அழுதேன்னு ஒனக்கு உள்ளத சொல்லிப்புடறேன். இத்தினி வருஷமா ஏங்குன எடத்த பாத்துட்டேன்னு ஒரு அழுக. அந்த மரம் இனிமே எந்த சந்து திரும்புனாலும் நிக்காதுன்னு ஒரு அழுக. அதுக்கப்பால ஒரு சந்தோசம் வந்துச்சி கண்ணு, திருட்டு சந்தோசம். அவ மட்டும் கரையில இருந்திருந்தா, ஏதோ ஒரு மரத்தடியில, ஒரு சந்து மூலையில கெடச்சிருந்தா, நீ எழுதுன மாதிரியே நான் ஒரு பொங்கல வச்சிட்டு குங்குமத்த கவர்ல போட்டு அனுப்பியிருப்பேன். நீ அங்கியே தாலி கட்டியிருப்பே. போட்டோ ஒண்ணு வரும், நான் அத செவுத்துல மாட்டிகினு போற வரவங்களுக்கெல்லாம் காட்டிகினு இருந்திருப்பேன். ஆனா அவ கடல்ல கீறா. நம்ம சனத்துல பொம்பள கட்டுமரத்துல கால வைக்கக் கூடாது, அது ஒனக்கே தெரியும். மாமா, "நான் போயி வச்சிட்டு வரட்டாமே"ன்னு கேட்டாரு, பாவம். அவரு அந்த வூட்டு மாப்ள, மாப்ள வச்சா அது விருந்துதான், பொங்கல் ஆவாது. அந்த எடத்துக்கு எலைய எடுத்துகினு போவ ஒலகத்துல ஒரே ஆளுதான் கீறான். அவன் கல்கத்தாவுல, லீவு கெடைக்காதுன்னு எழுதிகினு கீறான்.

எங்கப்பன் சொன்னாரே, அவளுக்கு வர இஷ்டம் இல்லன்னு. அது இத்தினி வருஷம் கழிச்சி எனக்கு ஒரு தொணையாச்சி. ஒன்ன கூப்புட எனக்கு ஒரு காரணமும் இல்லாம இருந்துச்சி கண்ணு. வயசாவுதுன்னு கூப்புட்டா, எல்லாருக்கும் தான் வயசாவுதுன்னுவே. பாக்கணும் போல கீதுன்னு கூப்புட்டா, அடுத்த வருஷம் வரேன்னு எழுதுவே, போன தீவாளிக்கும் அதான் எழுதுனே. நீ கெட்டவன் இல்ல, தூரம் அப்டி. தூரத்துல கீறவனுக்கு நாளு வேகமா ஓடுது, வூட்ல கீறவங்களுக்குதான் அது நவுரவே மாட்டேன்னுது.

அந்த பொண்ணோட அம்மாகிட்ட போயி தல நிமிந்து சொல்லு, எங்க ஊரு ஒத்தவேப்பங்குப்பம், எங்க அம்மன் கடலுக்குள்ள கீறான்னு. அவுங்க நம்ம பக்கத்து சனம், புரிஞ்சிக்குவாங்க. படத்துல அந்த எடத்த காட்டு. பகோடான்னு படிச்சி காட்டு, சிரிக்கட்டும், சிரிச்சி ஆரம்பிக்கற சம்மந்தம் நல்லது. அந்தப் பொண்ணுக்கு ஊரு கதைய நீயே சொல்லு, என்னை மாதிரி கைய காட்டிட்டு மீனு அலச பூடாதே. வூட்ல வாய மூடிகினு இருக்கறது மரியாதன்னு எங்கப்பன் நெனச்சாரு, நானும் நெனச்சேன். அதுல இன்னா ஆச்சி, ஒரு ஊரே நம்ம வாயிலேர்ந்து பூட்டுது, வெள்ளைக்காரன் புள்ளி வச்சிருந்ததாலதான் கெடச்சிது. அவ பொறந்த ஊரு பேரையும் கேட்டு வச்சிக்கோ. அவ வூட்டு சாமி பேரையும். ஒன் ஆபீசு பொட்டியில அதுக்கும் ஒரு படம் இருக்கும், தேடி ஒண்ணு வரைஞ்சி அவளுக்குக் குடு. பொடவைய வுட அது அவளுக்கு ஆவும்.

லீவு கேளு. ஆபீசு தொரை எதுக்குன்னு கேட்டா பொய் சொல்லாதே, ஒடம்பு சரியில்லன்னு அத்தைய படுக்க வைக்காதே. எங்க வூட்டு சாமி கடல்ல கீது, நான்தான் போவணும்னு உள்ளதையே சொல்லு. படம் வரையிறவங்க ஆபீசு தானே, எடம் எதுன்னு கேட்டா காட்டு. கட்டுமரத்துக்கு கோவிந்தம்மா மவன்கிட்ட சொல்லி வச்சிகீறேன், மெயிலு ரயில்ல ஏறுன ஒடனே ஒரு தந்தி குடு. பொங்கல நான் கரையில பொங்கித் தரேன், நீ எலையில வாங்கிகினு போ. அந்தப் பொண்ணையும் அவுங்க வூட்டுக்காரங்களையும் கூட்டியா. அவ கிதர்பூர்ல பொறந்து வளந்தவ, கடலுக்குப் போனவன் திரும்பி வர வரைக்கும் கரையில நிக்கறது இன்னான்னு பாத்திருக்க மாட்டா. என் பக்கத்துல வந்து நிக்கட்டும். ரெண்டு பேரும் ஒன்ன பாத்துகினே நிக்கிறோம்.

ஒன்
அத்தை